பாட்டுக்கு நடுவே ‘டப்’ சத்தம்: கோளாறு ஃபைலிலா, ஹெட்போனிலா?

மெட்ரோவில் சீட் கிடைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, பிடித்த பாட்டைப் போடுகிறீர்கள். சரணம் தொடங்கும் இடத்தில் ஒரு ‘டப்’. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ‘டிக்’. பாட்டு என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால், அடுத்த ‘டப்’ எப்போது வரும் என்று காது காத்திருக்க ஆரம்பித்துவிடும். அதற்கு அப்புறம் எங்கே பாட்டைக் கேட்பது?

ஸ்ட்ரீமிங்கில் கேட்கிற பாட்டு என்றால் இது சின்ன எரிச்சல்தான். வேறொரு பிரதியைத் தேடிக்கொள்ளலாம். வீட்டுப் பரணில் கிடந்த கேசட்டையோ இசைத்தட்டையோ கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தால் கதை வேறு. கல்யாண வீட்டில் பதிவு செய்த நாகஸ்வரம், கோயில் திருவிழாக் கச்சேரி, பாட்டி பாடிய தாலாட்டு இவற்றுக்கெல்லாம் இன்னொரு பிரதி கிடையாது. ‘டப்’ சத்தத்தை நீக்குகிறேன் என்று ஒரே பட்டனில் சுத்தம் செய்து, அசல் ஃபைலின் மேலேயே சேவ் செய்துவிட்டால், சத்தத்தோடு சேர்ந்து குரலிலும் கொஞ்சம் போய்விடும். போனது திரும்ப வராது.

அதனால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம்தான் மருந்து. அதுவும் தேவையான இடத்தில், தேவையான அளவுக்கு மட்டும்.

‘டப்’ என்றால் உண்மையில் என்ன?

டிஜிட்டல் இசை என்பது எண்களின் வரிசை. சிடி தரத்தில் ஒரு நொடி இசைக்கு, ஒவ்வொரு காதுக்கும் 44,100 புள்ளிகள். இதைத்தான் ‘சாம்பிள்’ என்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மைனஸ் 32,768 முதல் பிளஸ் 32,767 வரை ஏதோ ஓர் எண். இந்த எண்கள் சொல்கிறபடிதான் ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது.

இயல்பான இசையில் இந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் வழவழப்பான வளைவு கிடைக்கும். 1,200, 1,350, 1,480 என்று ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் திடீரென்று மைனஸ் 20,000 என்று ஓர் எண் வந்தால் என்ன ஆகும்? ஸ்பீக்கர் ஒரே தாவலாகத் தாவ வேண்டும். அந்தத் தாவல்தான் நம் காதில் ‘டிக்’ என்று விழுகிறது.

ஒரு நொடியில் 44,100இல் ஒரு பங்கு நேரம்தான் தவறு நடந்தது. அது எப்படி இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது? காரணம், திடீர்த் தாவலில் தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை எல்லா அலைவரிசைகளும் ஒரே சமயத்தில் இருக்கும். வீணையோ குரலோ அந்த நேரத்தில் எந்தச் சுருதியில் இருந்தாலும், அதற்கு வெளியே இந்தச் சத்தம் தலைநீட்டும். மெல்லிசை, ஆலாபனை போன்ற அமைதியான இடங்களில் இன்னும் மோசம்.

சத்தத்தின் குணத்தை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். கூர்மையான ‘டிக்’ என்றால் சில புள்ளிகள் மட்டும் கெட்டிருக்கின்றன. கனமான ‘டப்’ என்றால் கொஞ்சம் நீண்ட, தாழ்ந்த ஒலி; கீறலில் ஊசி குதித்ததாகவோ, மைக்கில் காற்று மோதியதாகவோ இருக்கலாம். வறுகடலை வறுபடுவது போலத் தொடர்ந்து ‘கரகர’ என்றால் தூசி, நிலைமின்சாரம் அல்லது ஒலி அளவு மீறிய பதிவு.

முதல் பரிசோதனை: அதே இடத்தில் வருகிறதா?

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ‘டப்’ வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, 2 நிமிடம் 14ஆவது நொடி. பத்து நொடி பின்னால் போய், அதே இடத்தை மூன்று முறை கேளுங்கள்.

மூன்று முறையும் சரியாக அதே இடத்தில் வந்தால், கோளாறு ஃபைலுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு முறை வருகிறது, ஒரு முறை வரவில்லை, அல்லது இடம் மாறுகிறது என்றால் ஃபைல் மேல் பழி போட வேண்டாம். ஃபைலிலிருந்து உங்கள் காதுக்கு வருகிற வழியில் ஏதோ தடுக்கிறது.

சந்தேகம் தீரவில்லையா? அதே ஃபைலை வேறொரு போனிலோ லேப்டாப்பிலோ, ஒயர் உள்ள ஹெட்போனில் கேளுங்கள். அங்கேயும் அதே நொடியில் ‘டப்’ என்றால் முடிவு உறுதி. இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல், நன்றாக இருக்கிற ஃபைலை ‘ரிப்பேர்’ செய்து கெடுப்பவர்களும் உண்டு. ஃபைலில் உள்ள கோளாறுக்குப் புது ஹெட்போன் வாங்குபவர்களும் உண்டு.

வழியில் வரும் சத்தம்: ஃபைலைத் தொடாதீர்கள்

லேப்டாப்பில் விட்டு விட்டு வரும் ‘டிக் டிக்’ சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் ‘பஃபர்’. பாட்டின் எண்கள் ஒரு சின்னத் தொட்டியில் நிரம்பி, அங்கிருந்து ஸ்பீக்கருக்குப் போகின்றன. கம்ப்யூட்டர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டு தொட்டியை நிரப்பத் தாமதித்தால் தொட்டி காலியாகிவிடும். தண்ணீர் லாரி வர லேட்டானால் குழாயில் காற்று வருமே, அந்த மாதிரிதான். இங்கே காற்றுக்குப் பதில் ‘டப்’.

தொட்டியைப் பெரிதாக்குவதே தீர்வு. இசைப்பதிவு மென்பொருளில் பஃபர் அளவு 64 என்று இருந்தால், அது வெறும் 1.5 மில்லி நொடிக்கான கையிருப்பு. 512 என்று மாற்றினால் சுமார் 11.6 மில்லி நொடி. பாடிக்கொண்டே தன் குரலை ஹெட்போனில் கேட்க வேண்டியவருக்குத்தான் சின்ன பஃபர் தேவை. பாட்டுக் கேட்கவும் எடிட் செய்யவும் பெரிய பஃபரே நல்லது. விண்டோஸ் கணினியில் எந்த டிரைவர் தாமதப்படுத்துகிறது என்று பார்க்க ‘லேட்டன்சிமான்’ என்ற இலவச மென்பொருள் உதவும்.

புளூடூத் ஹெட்போனில் வந்தால்? புளூடூத் வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பல வைஃபை ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. நம் உடம்பும் அந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். போனைப் பின் பாக்கெட்டிலிருந்து சட்டைப் பாக்கெட்டுக்கு மாற்றினாலே சத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார்ப்பதும் பலன் தரும்.

பாட்டு தொடங்கும்போதும் நின்ற சில நொடிகள் கழித்தும் மட்டும் ‘டப்’ வருகிறதா? பேட்டரியை மிச்சப்படுத்த, ஒலி இல்லாத நேரத்தில் ஆடியோ சிப் தூங்கப் போகும். அது தூங்குவதும் விழிப்பதும்தான் அந்தச் சத்தம். லேப்டாப்பில் ஆடியோவுக்கான பவர் சேவிங் வசதியை அணைத்தால் போதும்.

சத்தமான இடங்களில் மட்டும் ‘கரகர’ என்றால் ஈக்குவலைசரைப் பாருங்கள். ஏற்கெனவே உச்ச அளவில் பதிவான பாட்டுக்கு ‘பேஸ் பூஸ்ட்’ போட்டால், எண்கள் மேல் எல்லையை முட்டி மழுங்கிப்போகும். பூஸ்ட்டை அணையுங்கள், அல்லது ஈக்குவலைசரில் உள்ள ‘ப்ரீஆம்ப்’ அளவைக் குறையுங்கள். ஃபைலில் எந்தத் தப்பும் இல்லை.

ஃபைலுக்குள் உட்கார்ந்திருக்கும் சத்தம்

சரி, கோளாறு ஃபைலில்தான் என்று தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, அது எப்படி உள்ளே வந்தது? இதைத் தெரிந்துகொண்டால், சரிசெய்வதைவிட மறுபடியும் பதிவு செய்வதே சுலபமா என்பதும் தெரிந்துவிடும்.

இசைத்தட்டுக் கீறல்: எல்பி தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. தட்டின் குறுக்கே ஒரு கீறல் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஊசி அதைத் தாண்டியாக வேண்டும். ஆக, ‘டப்’ சரியாக 1.8 நொடிக்கு ஒரு முறை வந்தால் அது எல்பி கீறல். 45 சுற்று தட்டு என்றால் சுமார் 1.33 நொடி. அரக்கில் செய்த பழைய 78 சுற்று தட்டு என்றால் சுமார் 0.77 நொடி. இணையத்தில் கிடைக்கும் பழைய பாட்டில் இந்தக் கணக்கு ஒத்துவந்தால், அந்தப் பிரதி எந்த வகைத் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று நீங்களே சொல்லிவிடலாம். கணக்கில்லாமல் அங்கங்கே வந்தால் தூசி அல்லது நிலைமின்சாரம்.

சிடி கீறல்: 1982இல் விற்பனைக்கு வந்த சிடியில், பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. தடத்தின் போக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை தரவு அழிந்தாலும் முழுமையாக மீட்டுவிடும். அதற்கு மேல் போனால் பிளேயர் யூகித்து நிரப்பும். யூகிக்கவும் முடியாதபோது ‘டப்’. வட்டப் போக்கில் விழும் கீறல்தான் ஆபத்து என்பதால், சிடியைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். துடைத்துவிட்டு ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ போன்ற மென்பொருளில் பாதுகாப்பு முறையில் மறுபடி எடுங்கள். ஒரே பகுதியைப் பலமுறை படித்துச் சரிபார்க்கும். அதே ஆல்பத்தை மற்றவர்கள் எடுத்த பிரதியோடு உங்கள் பிரதி ஒத்துப்போகிறதா என்று ‘அக்யூரேட்ரிப்’ தரவுத்தளம் சொல்லிவிடும்.

அளவு மீறிய பதிவு: அலைவடிவத்தின் உச்சிகள் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால், பதிவின்போது சத்தம் அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது. சீவப்பட்ட உச்சியில் என்ன இருந்தது என்பது ஃபைலில் இல்லை. ஆடாசிட்டியில் உள்ள ‘கிளிப் ஃபிக்ஸ்’ யூகித்து வரைந்து தரும். அசல் கேசட் கையில் இருந்தால், அளவைக் குறைத்து மறுபடி பதிவு செய்வதே சிறந்தது. உச்சிகள் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய இடம்: ரிங்டோனுக்காகவோ ரீல்ஸுக்காகவோ பாட்டை வெட்டி ஒட்டிய இடத்தில் ‘டிக்’ வருவது சகஜம். அலை உச்சியில் இருக்கும்போது வெட்டி, பள்ளத்தில் இருக்கும் துண்டோடு ஒட்டினால் தாவல் வரத்தானே செய்யும்? அலை பூஜ்ஜியக் கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்ட வேண்டும். ஆடாசிட்டியில் தேர்வு செய்துவிட்டு ‘இசட்’ விசையை அழுத்தினால், தேர்வு பக்கத்தில் உள்ள பூஜ்ஜியப் புள்ளிக்கு நகரும். தொடக்கத்திலும் முடிவிலும் 5 முதல் 10 மில்லி நொடி ஃபேட் கொடுத்தால் இன்னும் பத்திரம்.

எம்பி3 இணைப்பு: நேரடிக் கச்சேரி ஆல்பத்தில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மட்டும் ‘டிக்’ அல்லது சின்ன மௌனம். எம்பி3 இசையை 1,152 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து அடைக்கிறது. கடைசிக் கட்டம் நிறையாவிட்டால் வெற்றிடத்தால் நிரப்பும். தொடர்ச்சியாகக் கேட்க வேண்டிய இசைக்கு ஃப்ளாக் வடிவம் நல்லது.

பாதியில் கெட்ட டவுன்லோடு: ஃப்ளாக் ஃபைலுக்குள் அசல் ஒலியின் ‘எம்டி5’ கைரேகை ஒன்று பதிந்திருக்கும். ஃப்ளாக் கருவியில் ‘டெஸ்ட்’ கொடுத்தால், ஃபைல் முழுசாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் மறுபடி இறக்குவதுதான் மருந்து. எடிட்டிங் வேலையே வேண்டாம்.

மாற்றுவதற்கு முன்: தட்டையும் ஊசியையும் கவனியுங்கள்

இசைத்தட்டை டிஜிட்டலுக்கு மாற்றும்போது, மென்பொருளில் ஒரு மணி நேரம் செய்யும் வேலையைப் பத்து நிமிடச் சுத்தம் மிச்சப்படுத்திவிடும். கார்பன் இழை பிரஷ்ஷால் தூசியை எடுங்கள், நிலைமின்சாரமும் குறையும். அழுக்கு அதிகம் என்றால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் பள்ளங்களின் போக்கிலேயே துடையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் அதிலுள்ள உப்பு பள்ளங்களில் படிந்து புதுச் சத்தத்தை உண்டாக்கும். 78 சுற்று அரக்குத் தட்டில் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் படக் கூடாது. அரக்கு கரைந்துவிடும்.

எல்பிக்கும் 78 சுற்று தட்டுக்கும் பள்ளத்தின் அகலம் வேறு. எல்பி ஊசியை 78 தட்டில் வைத்தால், அது பள்ளத்தின் அடியில் உள்ள அழுக்கில் உரசிக்கொண்டு ஓடும். இரண்டுக்கும் தனித்தனி ஊசி வேண்டும்.

பதிவு செய்யும்போது, முடிந்தால் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் செய்யுங்கள். மனிதக் காதுக்கு அவ்வளவு தேவையா என்று கேட்கலாம். இங்கே விஷயம் வேறு: அதிகப் புள்ளிகள் இருக்கும்போது கீறல் சத்தம் கூர்மையான முள்ளாகத் தனித்துத் தெரியும். இசை எது, கீறல் எது என்று மென்பொருள் பிரித்தறிவது எளிதாகும்.

கையால் ஒட்டுப்போடுவது எப்படி?

ஆடாசிட்டி இலவச மென்பொருள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2000ஆம் ஆண்டு வெளியானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சாதாரண வேலைகளுக்கு இது போதும்.

முதல் வேலை, ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து, காப்பியை மட்டும் திறப்பது.

சத்தம் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் இருந்தால் கையால் சரிசெய்வதே நல்லது. ‘டப்’ வரும் இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். கோடு மறைந்து தனித்தனிப் புள்ளிகள் தெரியும். வளைவுக்கு நடுவே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதுதான் குற்றவாளி. அதை மட்டும் தேர்வு செய்து, எஃபெக்ட் மெனுவில் ‘ரிப்பேர்’ கொடுங்கள்.

ரிப்பேர் என்ன செய்கிறது? புள்ளிக் கோலத்தில் நடுவே கொஞ்சம் அழிந்துபோனால், இருபக்கமும் வளைவு எப்படிப் போகிறது என்று பார்த்து நடுவை வரைந்து நிரப்புவோமே, அதே வேலை. அதனால்தான் ஒரு நேரத்தில் 128 புள்ளிகளுக்கு மேல் அது ஏற்றுக்கொள்ளாது. 44,100 என்ற கணக்கில் அது சுமார் 2.9 மில்லி நொடி. அதைவிடப் பெரிய ஓட்டையை யூகத்தால் நிரப்பினால் அது கற்பனையாகிவிடும். தேர்வுக்கு வெளியே கொஞ்சமாவது நல்ல ஒலி இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கோலத்தில் பக்கத்துக் கோடே இல்லாவிட்டால் எதை வைத்து வரைவது?

ஒரு பக்கம் முழுக்க நூற்றுக்கணக்கில் சத்தம் என்றால் ‘கிளிக் ரிமூவல்’ உண்டு. அதில் இரண்டே அளவுகள். ‘த்ரெஷோல்டு’ குறையக் குறைய, சின்ன முள்ளையும் பிடிக்கும். ‘மேக்ஸ் ஸ்பைக் விட்த்’ கூடக் கூட, அகலமான முள்ளையும் பிடிக்கும். மென்பொருள் தருகிற அளவிலேயே தொடங்கி, பத்து நொடித் துண்டில் ‘ப்ரிவ்யூ’ கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒரேயடியாகக் கடுமையாக வைக்காதீர்கள்.

‘ப’ போன்ற எழுத்தை உச்சரிக்கும்போது வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் மோதி உண்டாகும் ‘புஃப்’ சத்தத்துக்கு இந்த இரண்டும் பயன்படாது. அது தாழ்ந்த ஒலி. அந்த எழுத்தை மட்டும் தேர்வு செய்து, 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ‘ஹை பாஸ் ஃபில்டர்’ போட்டால் அடங்கும்.

வரிசை முக்கியம். முதலில் ‘டப்’, ‘டிக்’ சத்தங்கள். அடுத்து கேசட்டின் ‘உஸ்ஸ்’ இரைச்சல். கடைசியில்தான் ஒலி அளவைக் கூட்டும் ‘நார்மலைஸ்’. வரிசையை மாற்றினால் என்ன? நார்மலைஸ் ஃபைலில் உள்ள மிக உயர்ந்த உச்சியைத் தேடி, அதை அளவுகோலாக வைக்கும். அந்த உச்சி ஒரு கீறல் முள்ளாக இருந்தால், முள் மட்டும் உச்சத்தில் நிற்க, பாட்டு மெலிந்தே கிடக்கும். இரைச்சலை முதலில் நீக்கினாலோ, முள்ளின் கூர்மை மழுங்கி, அப்புறம் அதைப் பிடிப்பது கஷ்டமாகிவிடும்.

எங்கே நிறுத்துவது?

இதுதான் கஷ்டமான கேள்வி. மென்பொருளுக்குச் சங்கீதம் தெரியாது. திடீரென்று எழுந்து அடங்கும் எதையும் அது கீறல் என்று சந்தேகிக்கும். மிருதங்கத்தில் சாப்பு விழும் கணம், கடத்தில் விரல் படும் கணம், கஞ்சிராவின் ஜிங்கி, வீணைத் தந்தியை மீட்டும் நகத்தின் ஒலி எல்லாமே திடீரென்று எழுபவைதான். கடுமையான அளவில் கிளிக் ரிமூவல் போட்டால், இவற்றின் முனை மழுங்கும். கேட்பதற்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் மிருதங்கம் தலையணையில் தட்டுவது போல இருக்கும்.

நம் காது இதில் ஏமாறும். பத்து நிமிடம் கரகர சத்தத்தைக் கேட்டுவிட்டு, சுத்தமான பிரதியைக் கேட்டால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் மிச்சமிருப்பதைக் கேட்பதோடு நிறுத்தாமல், நீக்கப்பட்டதையும் கேளுங்கள்.

ஆடாசிட்டியில் இது சுலபம். ட்ராக்கை ‘டூப்ளிகேட்’ செய்யுங்கள். ஒன்றில் மட்டும் கிளிக் ரிமூவல் போடுங்கள். இன்னொன்றைத் தேர்வு செய்து ‘இன்வெர்ட்’ கொடுங்கள், அலை தலைகீழாகிவிடும். இப்போது இரண்டையும் சேர்த்து ஓட விடுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மௌனமாகிவிடும். நீக்கப்பட்டது மட்டும் கேட்கும்.

வெறும் ‘டிக், டப்’ மட்டும் கேட்டால் நல்லது, வேலை சரியாக நடந்திருக்கிறது. அதில் தாளமோ, பாட்டின் சொல்லோ அடையாளம் தெரிகிற அளவுக்குக் கேட்டால், நீங்கள் இசையை வெட்டுகிறீர்கள். அளவைத் தளர்த்துங்கள். காசு கொடுத்து வாங்கும் ‘ஐசோடோப் ஆர்எக்ஸ்’ மென்பொருளில் இதற்கென்றே, நீக்கப்படும் கிளிக்கை மட்டும் கேட்கும் வசதி இருக்கிறது.

இரண்டு மூன்று ‘டிக்’ மிச்சம் இருந்தால் இருக்கட்டும். லேசான கீறல் சத்தத்தைக் காது சீக்கிரம் பழகிக்கொள்ளும். மழுங்கிப்போன குரலுக்கு அப்படிப் பழகிக்கொள்ள முடியாது.

அசல் பிரதியை ஏன் அப்படியே வைக்க வேண்டும்?

ஒலிக் காப்பகங்கள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். ஒலி, ஒளிக் காப்பகங்களுக்கான சர்வதேச அமைப்பான ‘ஐஏஎஸ்ஏ’வின் வழிகாட்டி, பாதுகாப்புப் பிரதியில் எந்த அழகூட்டலும் கூடாது என்கிறது. குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். 96 கிலோஹெர்ட்ஸ் பரிந்துரைக்கப்படுகிறது. கீறல், இரைச்சல் எல்லாவற்றோடும் தட்டில் இருந்தது இருந்தபடி பதிவாக வேண்டும். சுத்தம் செய்த பிரதி வேண்டுமென்றால் அதைத் தனியாகச் செய்துகொள்ளலாம்.

காரணம் எளிமையானது. சத்தம் நீக்கும் தொழில்நுட்பம் வருஷத்துக்கு வருஷம் மேம்படுகிறது. டேப் காலத்தில் ‘டப்’ இருக்கும் துண்டைப் பிளேடால் வெட்டி எடுத்து ஒட்டினார்கள்; இசையும் அந்தத் துண்டோடு போனது. இன்று கம்ப்யூட்டர் பக்கத்துப் புள்ளிகளை வைத்து நிரப்புகிறது. பத்து வருஷம் கழித்து வரும் கருவி இன்னும் நன்றாகச் செய்யக்கூடும். ஆனால், அதற்குக் கொடுக்கத் தொடப்படாத அசல் வேண்டும். இன்றைய கருவி மழுங்கடித்துவிட்ட மிருதங்கத்தை நாளைய கருவி எங்கிருந்து கொண்டுவரும்? கேசட்டை மறுபடி ஓட்டலாமே என்றால், கேசட்டும் வருஷாவருஷம் தேய்கிறது. நல்ல டெக் கிடைப்பதும் கஷ்டமாகிக்கொண்டிருக்கிறது.

இடம் எவ்வளவு பிடிக்கும்? 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. 60 நிமிடக் கேசட் முழுவதும் சுமார் 1 ஜிபி. 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் 2 ஜிபி. ஃப்ளாக்கில் சுருக்கினால், தரம் துளியும் குறையாமல் இது இன்னும் குறையும். போனில் எடுக்கும் சில நிமிட 4கே வீடியோ பிடிக்கும் இடம்தான் இது.

எம்பி3யை மாஸ்டராக வைக்க வேண்டாம். எம்பி3யைத் திறந்து, திருத்தி, மறுபடி எம்பி3யாகச் சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் குறையும். வாவ் அல்லது ஃப்ளாக்கில் வேலையை முடித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர மட்டும் கடைசியில் ஒரு எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக, ‘டப்’ கேட்டால் என்ன செய்வது?

1. அதே இடத்தை மூன்று முறை கேளுங்கள். இடம் மாறினால் புளூடூத், பஃபர், ஈக்குவலைசரைப் பாருங்கள். ஃபைலைத் தொட வேண்டாம்.

2. அதே இடத்தில் வந்தால், மறுபடி எடுக்க முடியுமா என்று பாருங்கள். சிடியோ டவுன்லோடோ என்றால் மறு பிரதி எடுப்பதே சுலபம்.

3. தட்டு, கேசட் என்றால் முதலில் சுத்தம். அளவைக் குறைத்து, 24 பிட்டில் பதிவு. அதற்கு ‘அசல்’ என்று தேதியோடு பெயர் வைத்துத் தனி ஃபோல்டரில் போடுங்கள்.

4. காப்பியில் மட்டும் வேலை. சில சத்தங்களுக்கு ‘ரிப்பேர்’, பலவற்றுக்கு மென்மையான அளவில் ‘கிளிக் ரிமூவல்’.

5. நீக்கப்பட்டதைத் தனியாகக் கேளுங்கள். அதில் இசை கேட்டால் அளவைத் தளர்த்துங்கள்.

6. அசல் ஃபைலை லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, முடிந்தால் கிளவுடில் ஒன்று என்று வையுங்கள். டிஜிட்டலுக்கு மாற்றியாகிவிட்டதே என்று கேசட்டைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.